பாசிக்கு முன்னால் தூம்பைப் பாருங்கள்

புரட்டாசி பாதி கடந்ததும் மதுரை வட்டாரத்து வீட்டுக்காரர்களின் பார்வை மேலே திரும்பும். வற்றல் காயப்போடவும் கோடை இரவில் பாய் விரிக்கவும் மட்டுமே பயன்பட்ட மொட்டை மாடிதான் ஐப்பசி மழையைத் தாங்கப்போகும் கூரை என்பது அப்போதுதான் உறைக்கும். ஏறிப் பார்த்தால் கைப்பிடிச் சுவரோரம் வேப்பஞ்சருகு, தூம்பு வாயில் தென்னங்குரும்பை, தளத்தில் அங்கங்கே கறுத்துப் படர்ந்த பாசி. இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஹார்டுவேர் கடையில் ஆசிட் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்து வீட்டில் பிளீச்சிங் பவுடர் என்பார்கள். டவுனில் இருக்கும் உறவினர், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்வார். கொத்தனாரோ, பழையபடி இருக்கட்டும், மேலே ஒரு கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்துவிடலாம் என்பார். நான்கு யோசனையிலும் ஒரே கோளாறு இருக்கிறது: எல்லாமே பாசியைத் துடைத்தெடுக்க வேண்டிய கறையாகப் பார்க்கின்றன. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி போன்ற காய்ந்த பூமியில் பாசி என்பது தண்ணீர் எங்கே போக வழியில்லாமல் நிற்கிறது என்பதற்கான சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு வழக்கைத் தீர்க்க முடியாது. அதனால் முதலில் சருகு, அடுத்து தூம்பு, பிறகு தளத்தின் வாட்டம், கடைசியில்தான் பாசி. அந்தக் கடைசி வேலைக்கும் நார் பிரஷ்ஷும் தண்ணீரும் பெரும்பாலும் போதும். இந்த வரிசை ஏன் சரி, பலம் காட்டும் முறைகள் ஏன் கூரைக்கே கேடு என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கூரை மாறியது, பழக்கம் மாறவில்லை

மேலூரைத் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் கொட்டாம்பட்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரே தெருவில் நான்கு வகைக் கூரைகளைப் பார்க்கலாம்: நாட்டு ஓடு, சீமை ஓடு, சிமென்ட் ஷீட், கான்கிரீட் தளம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேகமாகப் பெருகியது கான்கிரீட்தான். 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடு திட்டம், கூடவே மத்திய அரசின் வீட்டுத் திட்டங்கள் என்று குடிசைகள் தளம் போட்ட வீடுகளாக மாறிவந்தன. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம் என்பது அதன் கணக்கு. ஒரு தலைமுறைக்குள் லட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முறையாகத் தட்டையான கூரைக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

கீற்றுக் கூரையும் நாட்டு ஓடும் தம்மைக் கவனிக்கச் சொல்லி வற்புறுத்தும் கூரைகள். கீற்றை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேய்ந்தே ஆகவேண்டும். நாட்டு ஓட்டைக் குரங்கோ பூனையோ கலைத்துவிட்டால், மழைக்கு முன் பிரித்து மேயாமல் தீராது. அந்த வேலையில் சருகும் பாசியும் தாமாகவே வெளியேறின. கூரையைச் சுத்தம் செய்வது என்று தனியாக ஒரு வேலை அன்று தேவைப்படவில்லை. கான்கிரீட் வந்ததும், இனி கூரைக்குச் செலவே இல்லை என்ற நம்பிக்கையும் சேர்ந்தே வந்தது. நம்பிக்கை பொய் என்பதற்குப் பழைய தொகுப்பு வீடுகளே ஆதாரம். உள்கூரைக் காரை பெயர்ந்து விழுவதும், துருவேறிய கம்பி தெரிவதும் மழைக்காலந்தோறும் மாவட்டச் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றன. மோசமான சிமென்ட், மெலிந்த கம்பி, ஒப்பந்ததாரரின் சிக்கனம் எல்லாம் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் இவற்றை வெளியே கொண்டுவருவது தளத்தில் தேங்கிய தண்ணீர். ஈரம் கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். கூரைத் துப்புரவை அழகு வேலையாக நினைப்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

பாசி எங்கே வளர்கிறது என்று பாருங்கள்

மாடித் தளத்திலும் சுவரிலும் நாம் பாசி என்று சொல்வது ஒரே உயிர் அன்று. வழவழப்பான பச்சை, நுண்பாசிகளின் கூட்டம். மெத்தை போலக் குட்டையாக முளைப்பது உண்மையான பாசிச் செடி. கைப்பிடிச் சுவரில் தார் பூசியதுபோல் கறுத்திருப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து தப்பிக்கத் தானே ஒரு கருநிறமியைப் போர்த்திக்கொள்ளும் நுண்ணுயிர். இவை எதற்கும் உண்மையான வேர் கிடையாது. மரத்தைப் போல இவை நேராகத் தளத்தைப் பிளப்பதில்லை. இவற்றின் பலம் வேறு: சித்திரை வெயிலில் சருகாகக் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும், ஒரு மழை பட்டால் சில மணி நேரத்தில் உயிர் பெற்றுவிடும். ஆகவே கோடையில் காய்ந்த பாசியைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணுவதும், ஆசிட் ஊற்றி வெளுத்ததும் ஒழிந்தது என்று எண்ணுவதும் ஒரே வகைப் பிழை. ஈரம் இருக்கும்வரை அது திரும்பி வரும்.

இந்த இயல்பே நமக்கு உதவி. மதுரைப் பகுதியின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு ஆவணியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் தளம் சுடுகல். அப்படிப்பட்ட ஊரில் பங்குனியிலும் ஓரிடத்தில் பாசி பச்சையாக இருக்கிறது என்றால், அந்த ஈரத்தை வானம் தரவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, வால்வு கசிகிறது, ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாய் தளத்திலேயே சொட்டுகிறது என்று பொருள். மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளானபிறகும் ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே வாட்டம் தவறியிருக்கிறது. தூம்பைச் சுற்றி அரைவட்டமாகப் பாசி பிடித்திருந்தால் தூம்பு வாய் தளத்தைவிட உயர்ந்து நிற்கிறது. தேய்ப்பதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியால் அந்த எல்லைகளைத் தளத்தில் கோடு போட்டு வைத்தால், கொத்தனார் வரும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்று விவாதிக்க வேண்டியிருக்காது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கூரைக்கு மருந்து தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் இங்கிலாந்திலும் ஆண்டு முழுக்கத் தூறலும் குளிருமாக இருப்பதால் பாசி கூரை முழுவதையும் போர்த்துகிறது. அங்கே முகட்டில் துத்தநாகப் பட்டை பதிக்கிறார்கள். பாசி திட்டுத்திட்டாக மட்டும் வாழ முடிகிற நம் வெயிலுக்கு, திட்டு ஏன் வந்தது என்று கேட்பதே மருந்து.

சருகுதான் முதல் எதிரி

கூரையில் கிடக்கும் குப்பைக்கு மாதக் கணக்கு உண்டு. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். சித்திரையில் பூ கொட்டும். ஆனி, ஆடியில் பழம் தின்ன வரும் பறவைகள் கொட்டையையும் எச்சத்தையும் போட்டுவிட்டுப் போகும். ஆடிக் காற்று புழுதியையும் பிளாஸ்டிக் பையையும் மாடிக்கு ஏற்றிவிடும். ஆவணிக்குள் கைப்பிடிச் சுவரோரம் சேர்ந்து கிடப்பது இலை, மண், எச்சம் மூன்றும் கலந்த நல்ல எருமண். அதில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆலோ அரசோ முளைத்தால், பாசி செய்யாத வேலையை அது செய்யும். வெடிப்புக்குள் வேரை இறக்கித் தளத்தையும் சுவரையும் பிரிக்கும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். ஓராண்டு விட்டால், மேலே வெட்டி வெட்டித் தழைக்கவிடுவதைத் தவிர வழியிருக்காது, அல்லது காரையை உடைத்து வேரைத் தோண்ட வேண்டும்.

குப்பை தூம்பை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில், பிற்பகல் 15 நிமிடத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் பதிவானது. 1,000 சதுர அடி மாடி என்றால் அந்தக் கால்மணி நேரத்தில் அதன்மேல் விழுந்தது ஏறக்குறைய 4,180 லிட்டர். நொடிக்கு நாலரை லிட்டருக்கும் மேல் தூம்பு வழியே வெளியேறியாக வேண்டும். ஒரு கைப்பிடிச் சருகும் ஒரு பாலிதீன் பையும் அதைத் தடுக்கப் போதும். கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். தளம் அதைத் தாங்கினாலும் சுவரோரத்து இணைப்பும் மாடிப்படிக் கதவின் கீழ்விளிம்பும் தாங்காது. ஓதம் அங்கேதான் இறங்கும். கண்மாய்க்கு வரத்துக்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கு அது தலைகீழ், இங்கே போக்குக்கால் தூர்ந்துபோகிறது.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரிவது ஏழெட்டு நாள் கழித்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த இடத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரியும். மாடியில் போட்டுவைத்த டயர், உடைந்த தொட்டி, சிரட்டை ஆகியவற்றை அகற்றுவதும் இந்தத் துப்புரவின் ஒரு பகுதி. மேலும் 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின், மாடித் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறது. போர்வெல் ஆழம் ஆண்டுக்காண்டு கூடும் ஊரில் அந்தத் தண்ணீர் விலைமதிப்பு உள்ளது. சருகோடு இறங்கினால் குழியின் ஜல்லி அடைத்துக்கொள்ளும். ஆசிட்டோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பலமான முறை, பலவீனமான கூரை

இப்போது ஆசிட்டின் தரப்பைக் கேட்போம். ஊற்றியவுடன் நுரைத்துக்கொண்டு வெளுக்கிறது, அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது, கொத்தனாரே சொல்கிறார் என்பது அதன் வாதம். அந்த நுரைதான் அதற்கு எதிரான முதல் சாட்சியம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாசியோடு நிற்காது. சிமென்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள கால்சியத்தைக் கரைக்கும்போது எழும் கரியமில வாயுதான் அந்த நுரை. பளிச்சென்று தெரிவது சுத்தமான தளம் என்று நினைக்கிறோம். உண்மையில் தோல் உரிந்த தளம். மேற்பரப்பு சொரசொரப்பானால் அடுத்த மழையில் ஈரமும் புழுதியும் கூடுதலாகப் பிடிக்கும், பாசி முன்பைவிட வேகமாக ஏறும். விட்டுப்போன குளோரைடு, வெடிப்பு வழியே இறங்கிக் கம்பியின் துருவைத் தூண்டும். பழைய வீடுகளில் தட்டோடு பதித்த சுருக்கித் தளம் இருந்தால் கேடு இரட்டிப்பு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புதான் அந்த ஓடுகளின் இடைவெளியைப் பிடித்து வைத்திருக்கிறது, அமிலத்துக்கு முதல் இரை அதுவே. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் பழக்கம் எல்லாவற்றையும்விட ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப்போரில் ஆயுதமாக ஏவப்பட்டது இதே வாயுதான். மாடியில் காற்றோட்டம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு தளத்துக்கு இரண்டடி உயரத்தில் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் மட்டும் என்றால்? ஆசிட் அளவுக்குக் கெடுதல் இல்லை. தேய்த்தும் போகாத வழுக்கல் திட்டில், நடப்பவர் விழுந்துவிடும் அபாயம் இருக்கும் படியோரத்தில், தண்ணீரில் நீர்க்கக் கரைத்துச் சற்று ஊறவிட்டுக் கழுவலாம். அப்போது சேகரிப்புக் குழாயை மூடித் தண்ணீரை வெளியே திருப்பிவிட வேண்டும், செடிகள் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும். தளம் முழுவதும் ஆண்டுதோறும் கொட்டுவதற்கு உரிய பொருள் அது இல்லை. கொடிக்காலுக்கும் தென்னைக்கும் அடிக்க வைத்திருக்கும் மயில்துத்தத்தைப் பாசிக்கும் தெளிக்கலாமே என்பவர்கள் உண்டு. அதிலுள்ள செம்பு பாசியைக் கொல்லும் என்பது உண்மை. தண்ணீரோடு போய்க் கிணற்று மீனையும் கொல்லும் என்பதும் உண்மை.

பீய்ச்சும் மெஷினுக்கு ஆதரவான வாதம் கொஞ்சம் வலுவானது: ரசாயனம் இல்லை, ஆள் குறைவு, வேலை பிடிக்கும் நேரமும் குறைவு. புதிதாகப் போட்ட, வெடிப்பில்லாத கான்கிரீட்டில் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, முனையைத் தள்ளிப் பிடித்தால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கொட்டாம்பட்டி வட்டாரத்து மாடிகளில் பல வயதானவை. பூச்சு பொரிந்த தளத்தில் அந்த வேகம் மணலை வாரி எடுத்துவிடும். ஓட்டுக் கூரையில் தண்ணீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும். இந்தப் பாடத்தைத் தமிழகம் ஏற்கெனவே அதிக விலை கொடுத்துப் படித்திருக்கிறது. கும்பாபிஷேகத் திருப்பணிகளில் தூண்களின் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க மணலைக் காற்றழுத்தத்தில் வீசியடித்தார்கள். கல் பளபளத்தது, கூடவே சிற்பத்தின் நுணுக்கமும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்தன. எதிர்ப்பு எழுந்து, அறநிலையத் துறை அந்த முறையையே தடை செய்தது. கருங்கல்லே தாங்காத வேகத்தைக் காரைத் தளம் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மேலே ஒரு கோட் அடித்துவிட்டால் தீராதா? அடிக்கலாம், தீரவும் தீரும், அடியில் பாசியும் ஈரமும் இல்லாதவரை. பாசி மேல் பூசிய வாட்டர்ப்ரூஃப், பாசியைத்தான் பிடித்திருக்கும், தளத்தைப் பிடித்திருக்காது. முதல் கோடையிலேயே கொப்பளித்து உரியும்; உரிந்த இடத்துக்கு அடியில் தண்ணீர் தங்கி, வெயில்கூடப் படாமல் ஊறும். வாட்டம் சரியில்லாத தளத்தில் கோட் அடிப்பது, குட்டைக்குக் கலர் அடிப்பதற்குச் சமம். முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது தூம்பை நோக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கும் பள்ளத்தைக் கொத்தி, வாட்டம் கொடுத்துப் பூசிய பிறகே மற்றது.

எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம் ஒன்றும் உண்டு: பாசி இருந்தால் வீடு குளிர்ச்சியாக இருக்கும், விட்டுவிடுங்களேன் என்பது. குளிர்ச்சி தேவைப்படும் சித்திரை, வைகாசியில் பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. கறுப்பு வெயிலைக் குடிக்கும், தளம் இன்னும் சூடாகும். குளிர்ச்சிதான் வேண்டும் என்றால், சுத்தம் செய்த கான்கிரீட் தளத்தில் சுண்ணாம்பு அடிப்பதே வழி. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பின் காரத்தன்மை பாசியைச் சில மாதம் தள்ளி நிறுத்தும்.

எந்தக் கூரைக்கு எது

கான்கிரீட் மாடிக்கு: காய்ந்த நாளில் கட்டை விளக்குமாற்றால் சருகைக் கூட்டி அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டு அடித்துத் தூம்பு வழியே தள்ளுவது சோம்பலுக்கு வசதி, குழாய்க்குக் கேடு. பிறகு தூம்பைக் கையால் துழாவி, மேலிருந்து ஊற்றும் தண்ணீர் கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பார்த்து, வாயில் வலையோ கம்பிக்கூடையோ பொருத்த வேண்டும். அடுத்து பாசித் திட்டை நனைத்து ஊறவிட்டு நார் பிரஷ்ஷால் தேய்த்து, எடுத்த பாசியை அள்ளி வெளியே போட வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அது விட்டுப்போகும் கீறலும் துருத்துணுக்கும் அடுத்த பாசிக்கு வீடு. மழை தொடங்கியதும் முதல் மழைத் தண்ணீரைச் சேகரிப்புக்கு விடாமல் வெளியே விடுவது நல்லது.

சீமை ஓடு, 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து தென்னாட்டில் பரவிய கூரை. ஒன்றோடொன்று கவ்வும் பள்ளங்களில் தண்ணீர் ஓடுவதுதான் அதன் சூத்திரம். அந்தப் பள்ளத்தில் சேரும் சருகை எடுப்பதே முக்கியம். ஓட்டின் முகத்தில் லேசாகப் படிந்த பாசியை விட்டுவிடலாம். ஏற வேண்டுமென்றால் பலகை போட்டு, சட்டத்தின் மேல் பாரம் விழும்படி ஏற வேண்டும். நாட்டு ஓட்டில் கால் வைக்கவே கூடாது. பிரித்து மேயும்போது ஓடு ஓடாகத் துடைப்பதுதான் வழி. சிமென்ட் ஷீட் கூரையில் செய்யவேண்டியதைவிடச் செய்யக்கூடாததே அதிகம். பழைய ஷீட்டுகள் கல்நார் கலந்தவை; உலர்ந்த நிலையில் தேய்த்தால் கிளம்பும் நார்த்துகள் நுரையீரலுக்குள் போகும், அது புற்றுநோய் தரும் பொருள் என்பது உறுதியானது. ஷீட் ஆளின் எடையைத் தாங்காமல் உடைந்து விழுந்து உயிர் போவதும் நடக்கிறது. அங்கே பாசியை அப்படியே விடுங்கள். விளிம்பில் சேர்ந்த சருகை மட்டும் நனைத்து, ஏணியில் நின்றபடி எடுங்கள். எல்லாப் பாசியையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் துப்புரவு ஆகாது.

யார் ஏறுவது?

கடைசி ஆட்சேபம் நியாயமானது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் மிஞ்சியிருப்பது வயதானவர்கள். அவர்களை விளக்குமாற்றோடு மாடிக்கு அனுப்புவது எப்படிச் சரி? சரியில்லைதான். கைப்பிடிச் சுவரில்லாத மாடியில், வழுக்கும் பாசியில், தனியாக யாருமே ஏறக்கூடாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வரிசையை வலுப்படுத்தவே செய்கிறது. சருகு அள்ளுவதும் தூம்பு பார்ப்பதும் ஒரு ஆளுக்கு அரைநாள் வேலை; நிபுணத்துவம் வேண்டாம், மருந்து வேண்டாம், ஊரிலேயே ஆள் கிடைக்கும். ஆசிட்டும் மெஷினும் தளத்தைக் கெடுத்தபின் வரும் வேலை அரைநாளில் முடியாது; பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் போடும் செலவு, பென்ஷன் பணத்தில் அடங்காது.

இதில் அரசுக்கும் பங்குண்டு. 3.5 லட்சம் ரூபாய் செலவழித்துக் கட்டிக்கொடுக்கும் வீட்டின் சாவியோடு, தூம்பை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்யுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், ஆலங்கன்றைக் கண்டவுடன் பிடுங்குங்கள் என்ற மூன்று வரியைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. டெங்கு தடுப்புக்கு வீடுவீடாக வரும் பணியாளர்கள் தொட்டியை எட்டிப் பார்ப்பதோடு, ஏறுவதற்குப் பத்திரமான மாடிகளில் தூம்பையும் பார்த்துச் சொல்லலாம். ஊராட்சிகள் கண்மாய் வாய்க்காலைத் தூர்வாரும் பருவத்திலேயே பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை மாடிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு இரண்டு தேதிகள் போதும்: வேம்பு இலையுதிர்த்து முடிந்த பங்குனிக் கடைசியில் ஒன்று, ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசிக்கு முன் ஒன்று. முதல் முறை கூட்டி அள்ளித் தூம்பைச் சுத்தம் செய்வது மட்டும். இரண்டாம் முறை அவற்றோடு வாட்டமும் பாசியும். இரண்டு ஆண்டு இப்படிச் செய்தபின்னும் அதே இடத்தில் பாசி வந்தால், அது பிரஷ்ஷின் குறையில்லை; தளம் கொத்தனாரைக் கேட்கிறது. அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள், ஆசிட்டில் மிச்சப்படுத்திய காசு அதற்குப் போதாவிட்டாலும் உதவும்.